கடைசியில் குளிப்பவள்

கரையில் சொந்த வீடு என்று ஒன்று இல்லாத கினுயோவைக் குளிக்கக் கூப்பிடும் வீடுகள் கரை நெடுகப் பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் அவளைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். அதுதான் அவளுக்குக் குறை.

இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். கொழுப்பு என்றுகூடச் சொல்வார்கள். விறகு எரித்துச் சூடாக்கிய தொட்டி, அன்றைக்கு இன்னும் ஆள் இறங்காத தண்ணீர், ஓரத்தில் மடித்து வைத்த புதுத் துண்டு. இதைப் போய் ஒருத்தி குறை என்பாளா? ஜப்பானில் சேட்டோ உள்கடல் பக்கம் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், புரியும். வெளியே உட்கார்ந்து அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்குவார்கள். ஒரே தண்ணீரில் வீடே வரிசையாக இறங்கி எழும். அந்த வரிசையில் நீ எத்தனையாவது ஆளோ, அதுதான் அந்த வீட்டில் நீ யார் என்பது. முதலில் விருந்தாளி. அப்புறம் வீட்டுப் பெரியவர், மற்ற ஆண்கள், பிள்ளைகள். கடைசியில் வீட்டுக்காரி. அவள்தான் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைப்பாள்.

கினுயோ முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் சோறு வடித்தவள். புருஷன் தமோத்சு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினவன். இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், தமோத்சு பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கினுயோ, "வீட்ட வித்துட்டு அதையே வாங்கிடுங்க, இந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்றாள். சும்மா சொன்னாள் என்று அவன் நினைத்தான். அவள் அன்றைக்கே பாத்திரங்களை அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

படகுக்குச் சிதோரி என்று பெயர். இருபத்தெட்டு அடி. அதில்தான் பதினாறு வருஷமாகக் குடித்தனம். வசந்தத்தில் மேற்கே போய், கோடையில் வடக்கே ஏறி, குளிர் தொடங்கும்போது உள்கடலுக்குத் திரும்பிவிடுவார்கள். போகிற வழியெல்லாம் பழைய சிநேகிதர்கள். தமோத்சுவோடு வேலை பார்த்தவன் ஒருவன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். கினுயோவின் பள்ளித் தோழி ஒருத்தி கோயில் பூசாரியைக் கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிறாள். எந்தத் துறையில் கயிறு கட்டினாலும் அரை மணியில் யாராவது வந்து, "அடுப்பு பத்த வச்சாச்சு, குளிக்க வாங்க" என்பார்கள். படகில் குளியல் என்றால் ஒரு கெட்டில் வெந்நீரும் ஒரு துணியும்தான். அதனால் அந்த அழைப்பு சொர்க்கம்தான், அதில் பொய் இல்லை.

ஆனாலும் தொட்டிக்குள் கழுத்துவரை உட்கார்ந்திருக்கும்போது கினுயோ காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாத்திரச் சத்தம், சண்டை, டி.வி. அதிலெல்லாம் அவளுக்குப் பங்கு கிடையாது. எழுந்து வந்ததும் எல்லாரும் சிரித்த முகமாகி, மெத்தை போட்டு உட்கார வைப்பார்கள். ஒரே மகன் டோக்கியோவில் பத்தொன்பதாம் மாடியில் இருக்கிறான். அங்கே போனபோது அவனும், "அம்மா, முதல்ல நீங்க குளிங்க" என்றான். நல்ல பிள்ளை. கினுயோ தொட்டிக்குள் உட்கார்ந்து அழுதாள்.

தமோத்சுவிடம் சொன்னால் அவனுக்குப் புரியாது. "ஊர் ஊரா உனக்கு ராஜ மரியாதை. இதுக்கு மூக்கச் சிந்துறியே!" என்பான்.

"கடல்ல நான் வீட்டுக்காரி. கரையில எங்கயாவது ஒரே ஒரு வீட்ல, 'ஏய், நீ கடைசியா குளி, தொட்டியத் தேய்ச்சு வை'ன்னு ஒருத்தி என்னை வேலை வாங்கணும். அது போதும் எனக்கு."

"தொட்டி தேய்க்க ஆசைப்பட்ட ஒரே ஆளு இந்த நாட்டுலயே நீதான்."

அவள் மனதில் நினைத்திருந்த வீடு ஹிசாகோவுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் இருவரும் பக்கத்துப் பக்கத்து அண்டாவில் நின்றவர்கள். ஆவியில் முகம் தெரியாமலேயே பேசிப் பேசிப் பழகியவர்கள். மாமனார் செத்துப்போனதும் கமலா ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஹிசாகோ புருஷன் கென்ஸோவோடு குரோசே தீவுக்குப் போனாள். கினுயோவை இன்றைக்கும் வாய்க்கு வாய் 'டீ' போட்டுத்தான் பேசுவாள். திட்டுவாள், தலையில் தட்டுவாள். ஆனால் சாயங்காலம் அடுப்பில் விறகு வைத்துவிட்டால் போதும், புதுச் சம்பந்தியிடம் பேசுவது மாதிரி குரல் குழைந்துவிடும். "தண்ணி காஞ்சாச்சு. முதல்ல நீ போ."

இந்த வருஷம் விடுவதில்லை என்று கினுயோ முடிவு கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

நவம்பர் கடைசி, பௌர்ணமிக்கு மறுநாள். பகல் பதினோரு மணிக் கடலேற்றத்தில் சிதோரி தீவுத் துறைக்குள் நுழைந்தது. துறைச் சுவர்மேல் ஹிசாகோ சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு நின்றாள். வருஷா வருஷம் அதே இடம், அதே துண்டு.

"ஏண்டி, இன்னும் முழுகலையா நீங்க ரெண்டு பேரும்?"

"உன் ஊறுகாயத் தின்னு முடிக்காம எப்படிடி முழுகறது? கயித்தப் பிடி!"

மிதவைத் துறை முழுக்க அறுவடைக்கு வந்த படகுகள் அடைத்துக்கொண்டு நின்றன. தமோத்சு உள்மூலையில், சுவர் ஓரமாக, ஆழம் குறைந்த இடத்தில்தான் சிதோரியைக் கட்ட வேண்டியிருந்தது. பௌர்ணமி ஏற்றம் என்பதால் உள்ளே வர முடிந்தது. இனி நாளுக்கு நாள் தண்ணீர் உயரம் குறையும். "நாளைக்குப் பதினொன்றரை ஏத்தத்துல கிளம்பிடணும்" என்று தமோத்சு எல்லாரும் கேட்கும்படி சொன்னான். "அத விட்டா அமாவாசைக்குத்தான் தண்ணி தூக்கும்." கென்ஸோ தலையாட்டினான். ஹிசாகோ தலையாட்டினாள். மணி எல்லாருக்கும் தெரியும். பின்னால் நடந்ததற்கு அதுதான் முக்கியம்.

கினுயோ கைநிறையக் காய்ந்த கணவாய் மீன் கொண்டுவந்திருந்தாள், பூப்போட்ட காகிதத்தில் சுற்றி. படகில் கடல் வரைபடம் நனைந்தாலும் நனையும், அந்தக் காகிதம் நனையாது. தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருப்பாள். விருந்தாளி வெறுங்கையோடு வரக் கூடாது, மொட்டைப் பொட்டலத்தோடும் வரக் கூடாது. ஹிசாகோ அதை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றி அளவுக்குத் தூக்கி, சாமி மாடத்தில் வைத்தாள்.

சாயங்காலம் தண்ணீர் காய்ந்தது.

"கினுயோ, போ. சூடு இப்ப சரியா இருக்கு."

"கென்ஸோ அண்ணன் தோட்டத்துல காலையில இருந்து நின்னுருக்காரு. அவரு போகட்டும்."

"நானா?" என்றான் கென்ஸோ. "எனக்கு இன்னும் வேர்வையே காயலம்மா. நீங்க போங்க."

"வேர்வையோடதானே குளிக்கப் போவாங்க! என் மேல கடல் உப்பு அப்பிக்கிடக்கு. நான் எறங்கினா உங்க தண்ணி மீன் கொழம்பாயிடும்."

"ஆகட்டும், அதுல சோறு போட்டுப் பெசஞ்சு திங்கறேன். போடி" என்றாள் ஹிசாகோ.

"மாட்டேன். இன்னிக்கு நான் கடைசி."

ஹிசாகோ சிரித்தாள். கினுயோ சிரிக்கவில்லை. அதைப் பார்த்து ஹிசாகோவும் சிரிப்பை நிறுத்தினாள். விருந்தாளியைக் கடைசியில் குளிக்க விட்டதாக ஊரில் தெரிந்தால் யாருக்கு அசிங்கம்? அவள் ஒரு காரணம் சொன்னாள், இவள் ஒரு காரணம் சொன்னாள். நடுவில் சாகே மது வந்தது, சுட்ட கணவாய் வந்தது, சோறு வந்தது, மறுபடி "போ", மறுபடி "மாட்டேன்". கென்ஸோ உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். கடைசியில் ஹிசாகோ போய்க் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் குளிக்கவில்லை.

காலையில் ஹிசாகோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படகுக்காரர்கள் வீடு தேடி வந்து, குளிக்காமல் திரும்பிப் போவதா? ஒன்பது மணிக்கே மறுபடி அடுப்பு மூட்டினாள். இரவு பெய்த தூறலில் விறகு ஈரம். ஊதி ஊதி, பத்தரைக்குத்தான் தண்ணீர் காய்ந்தது. மறுபடி "நீ போ", "நீ போ" என்று ஆரம்பிக்கவும், தமோத்சு வாழ்க்கையில் முதல் முறையாகத் துணிந்து எழுந்தான். "ரெண்டு பேரும் இருங்க. நான் போறேன்."

அவன் போனான். நல்ல தண்ணீர். ஐந்து நிமிஷத்தில் எழுந்தால், இவ்வளவு கஷ்டப்பட்டுக் காய்ச்சினது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே என்று உட்கார்ந்திருந்தான். வெளியே கென்ஸோவுக்கு மணி தெரியும். வீட்டுக்காரன் எப்படி "நேரமாச்சு" என்பது? துரத்துவது போல் ஆகிவிடும். ஹிசாகோவுக்கும் அப்படியே. கினுயோவுக்கும் தெரியும், மூன்று தரம் ஊறுகாய் எடுத்து வைத்தவளிடம் "கிளம்புறோம்" என்று எந்த வாயால் சொல்வது? மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வானத்தைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் அழகாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தமோத்சு எழுந்து வந்தான்; அடுத்தது கினுயோ உள்ளே அனுப்பப்பட்டாள், அவளும் மரியாதைக்கு ஊறினாள்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. சிதோரி சேற்றில் உட்கார்ந்து, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எஞ்சினைப் போட்டார்கள். அறுவடை ஆட்கள் ஆறு பேர் இறங்கித் தள்ளினார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. பதினாறு வருஷத்தில் தமோத்சு படகைத் தரை தட்ட விட்டதே இல்லை. அன்றைக்கு யானைக்கு அடி சறுக்கியது, அதுவும் வெந்நீரில். அவன் சுவர்மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க" என்றான் கென்ஸோ. "உன்னோடது சாஞ்சுதானே இருக்கு? எழுந்து வா, சாப்பிடலாம்."

அமாவாசைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாள் ஹிசாகோ அவர்களைத் தரையில் கால் வைக்க விடவில்லை. காலையில் மெத்தை, தேநீர், தட்டில் உரித்த கமலா. கினுயோ ஒரு கிண்ணத்தைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கினாள். நான்காம் நாள் வானொலியில் மழை வருகிறது என்றார்கள். தோட்டத்தில் பாதிக்குமேல் பழம் மரத்தில். அக்கரையிலிருந்து பறிக்க வருகிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, மற்றவள் அவளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். ஹிசாகோ விடியும் முன் சாப்பிடாமல் மேலே ஓடினாள். கினுயோ ஆணியில் தொங்கிய கத்திரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். கேட்டால்தானே வேண்டாம் என்பாள்?

தமோத்சுவும் வந்தான். கிரேன் ஓட்டின கை. மலைச் சரிவில் பழப்பெட்டி இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அந்த வண்டியைக் கென்ஸோ தொட முடியவில்லை.

மத்தியானம் மேல்வரிசையிலிருந்து ஹிசாகோவின் குரல் வெடித்தது.

"எவடி இந்தப் பழத்த வெட்டினது? காம்பு ஆணி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு! ரெண்டு வெட்டு வெட்டணும்னு தெரியாதா? இது ஒண்ணு குத்தினா பெட்டி முழுக்க அழுகிடும்!"

"நான்தான்" என்றாள் கினுயோ.

"நீயா? அறுநூறு பிள்ளைங்களுக்கு முள்ளங்கி வெட்டினவதானே? கண்ண எங்க வச்சிருந்த? முதல் வெட்டு மரத்துல இருந்து, ரெண்டாவது காம்ப ஒட்ட. பாரு. மழ வருதுடி, நான் உனக்குப் பாடம் எடுத்துக்கிட்டு நிக்கவா?"

கினுயோ தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க. பதினாறு வருஷத்தில் கரையில் யாரும் அவளை இப்படித் திட்டியதில்லை. அந்தச் சாயங்காலம் இடுப்பு ஒடிந்தது, விரல் முழுக்கப் பழத்தோல் எண்ணெய் மணத்தது, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரிசி கழுவினாள், ஹிசாகோ தடுக்கவில்லை. மிசோ விழுது எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே எடுத்தாள், அதையும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஆனால் ஐந்தரை மணிக்கு அடுப்பு மூட்டியதும் அதே குழைந்த குரல். "கினுயோ, முதல்ல நீ போ."

அன்றும் முதல், மறுநாளும் முதல். மழைக்கு முந்தி மேல்வரிசை முடிந்தது, ஒன்பதாம் நாள் கீழ்வரிசையும் முடிந்தது. தோட்டத்தில் அவள் வேலைக்காரி, சமையலறையில் பங்காளி, குளியலறை வாசலில் மட்டும் விருந்தாளி. பழைய சண்டை போட அவளுக்கு மனசில்லை. அந்தச் சண்டைதான் படகைச் சேற்றில் உட்கார வைத்தது. இன்னும் நாலே நாள். அப்புறம் தண்ணீர் வரும், கயிற்றை அவிழ்க்க வேண்டும், ஹிசாகோ துண்டை வீசுவாள், அவ்வளவுதான். கினுயோ முதலில் இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் வீடு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோராம் நாள் மாமனாரின் திதி. கென்ஸோவின் அண்ணி சுமிரே ஒசாகாவிலிருந்து படகேறி வந்தாள். ஹிசாகோவுக்கு மூத்த ஓர்ப்படி. பேசினால் பஞ்சு, பார்வை ஊசி. வந்து உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவுச் சட்டத்தில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்துக்கொண்டாள். ஹிசாகோ கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். பூசாரிக்குத் தேநீர், சாமி மாடத்துக்குப் பூ, அடுப்பில் பருப்பு, எல்லாம் ஒரே நேரத்தில்.

"இந்த வீட்ல இன்னும் விறகுக் குளியல்தானா?" என்றாள் சுமிரே. "பாவம், கஷ்டம்."

"தண்ணி காஞ்சிருக்கு அக்கா. நீங்க போங்க முதல்ல." ஹிசாகோ திரும்பினாள். ஒரு கையில் கரண்டி, தலையில் முக்காடு அவிழ்ந்து தொங்கியது. அடுத்தது அவள் வாயிலிருந்து வந்தது மொத்தமும் ஒரே மூச்சு. "அக்கா வந்ததும் இவரு. அப்புறம் தமோத்சு. அப்புறம் நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்துர்றேன், பருப்பப் பாக்கணும். கினுயோ, நீ கடைசி. தண்ணியத் திறந்துவிட்டுட்டுத் தொட்டிய நல்லா தேய்ச்சிடு, அக்கா காலையில பாத்தா மானம் போயிடும். பிரஷ் வாளிக்குப் பின்னாடி இருக்கு."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது.

தமோத்சு கினுயோவைப் பார்த்தான். கினுயோ உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

அன்றைக்கு எட்டு மணிக்கு அவள் இறங்கிய தண்ணீர் ஐந்தாவது ஆள் தண்ணீர். வெதுவெதுப்புத்தான் மிச்சம். மேலே இரண்டு தலைமுடி மிதந்தது. கினுயோ அதைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கழுத்துவரை இறங்கினாள். இதைவிட நல்ல குளியல் அவள் குளித்ததில்லை, பதினொரு வீட்டிலும். சுவருக்கு அந்தப் பக்கம் ஹிசாகோ கத்தினாள், "கினுயோ, உள்ள தூங்கிடாத! இங்க பாத்திரம் கெடக்கு!" அவள், "வர்றேன் வர்றேன், பறக்காத!" என்று திருப்பிக் கத்தினாள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிரஷ் சொன்ன இடத்தில் இருந்தது. முட்டி போட்டு, இரும்புத் தொட்டியின் அடியிலிருந்து விளிம்பு வரை, ஒரு பொட்டு விடாமல் தேய்த்தாள். பள்ளிக்கூட அண்டாவைக்கூட அப்படித் தேய்த்ததில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை ஈரமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் சுமிரே குளியலறையை எட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ஒசாகாவுக்குப் படகேறினாள். துறையிலிருந்து திரும்பி வரும் வழியில் ஹிசாகோ நடுப்பாதையில் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கினுயோவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"என்ன மன்னிச்சிரு. நேத்து நான் புத்தி கெட்டுப்போய்… வந்த ஆளை, கடைசித் தண்ணியில எறக்கி, தொட்டியத் தேய்க்கவும் விட்டேனே. அந்த அக்கா வந்தாலே எனக்குத் தலை சுத்தும். இன்னிக்குப் புதுத் தண்ணி வச்சுத் தர்றேன், நீதான் முதல்ல."

கினுயோவுக்குக் கோபம் தலைக்கேறியது. பதினாறு வருஷம் காத்திருந்து கையில் விழுந்த பழத்தை, கொடுத்தவளே வந்து பிடுங்கினால்?

"எழுந்திருடி முதல்ல. எழுந்திரு! நீ மன்னிப்புக் கேட்டா நான் மறுபடி விருந்தாளி ஆயிடுவேன். தெரியுதா உனக்கு? பதினொரு வீடு. பதினொரு வீட்லயும் நான் முதல்ல குளிச்சு, மெத்தையில உக்காந்து, பல்ல இளிச்சிட்டுப் படகுக்குப் போறேன். பெத்த பிள்ளை வீட்லயும் அதே. நேத்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தி என்ன வேலை வாங்கினா. இந்த நாட்டுல எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு நினைச்சிட்டேன். அதத் திருப்பி வாங்கிக்கிறியா? வாங்கிக்கோ!"

ஹிசாகோ எழுந்தாள். இருபத்திரண்டு வருஷம் அண்டாவடியில் ஒருநாளும் போடாத சண்டை. கத்திரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினாள், பறிக்க ஒரு பழம்கூட மிச்சமில்லாத தோட்டத்துக்கு. சாயங்காலம், 'நீ முதல்ல' என்றும் சொல்லவில்லை, 'நீ கடைசி' என்றும் சொல்லவில்லை. அடுப்பையே மூட்டவில்லை.

அமாவாசை ஏற்றம் சொன்னபடி வந்து, சிதோரியை அலுங்காமல் தூக்கியது. ஹிசாகோ துறைக்கு வந்து கயிற்றை அவிழ்த்துப் போட்டாள். இரண்டு பெட்டி கமலாவைத் தூக்கிக் கொடுத்தாள். "பாத்துப் போங்க" என்றாள். சிவப்புத் துண்டு கழுத்தில்தான் கிடந்தது, வீசவில்லை. கினுயோ பின்பக்கம் நின்று, அது தெரியாமல் போகும்வரை பார்த்தாள்.

"கெட்டுப் போச்சு" என்றாள்.

"என்ன கெட்டுச்சு?"

"எல்லாம். வாய் இருக்கே எனக்கு. பேசாம முதல்ல குளிச்சுத் தொலைச்சிருக்கலாம். அந்த வீடாவது மிஞ்சியிருக்கும்."

அடுத்த வருஷம் மேற்கே போனார்கள், வடக்கே ஏறினார்கள், பத்து வீட்டிலும் முதலில் குளித்தாள். ஹிசாகோ புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பினாள். அதில் வாழ்த்து மட்டும்தான் இருந்தது. கினுயோ நல்ல கணவாயாகப் பார்த்து வாங்கி, இருக்கிற காகிதத்திலேயே அழகானதில் சுற்றினாள். விருந்தாளியாகவே போய் நிற்பது, கெஞ்சியாவது சிநேகிதத்தை மிச்சம் பிடிப்பது என்று முடிவு.

நவம்பர் கடைசியில் சிதோரி குரோசே துறைக்குள் நுழைந்தது. இந்தத் தடவை மிதவையில் இடம் இருந்தது. துறைச் சுவர்மேல் யாரும் இல்லை. கினுயோ கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். சிவப்புத் துண்டு இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த இடம் காலியாக இருந்ததில்லை.

"தலைய வலிச்சிருக்கும்" என்றான் தமோத்சு. அவனே நம்பவில்லை.

கயிற்றை அவளே குதித்துக் கட்டினாள். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்தபடி மேட்டுப்பாதையில் ஏறினாள். வீடு பூட்டவில்லை, ஆனால் சத்தமே இல்லை. வாசல் கொடியில் துணி மாட்டும் கிளிப்பில் ஒரு தாள் ஆடிக்கொண்டிருந்தது. ஹிசாகோவின் கோழிக் கிறுக்கல்.

'மேல தோட்டத்துல இருக்கோம். இன்னிக்குப் படகு வரும்னு தெரியும், துறைக்கு வந்து நிக்க நேரமில்ல, நாளைக்கு மழையாம். அரிசி கழுவி வச்சிருக்கு, உலைய ஏத்து. அடுப்பு நீயே பத்த வை, விறகு இந்தத் தடவ காஞ்சது. இவரு, தமோத்சு, நான், அப்புறம் நீ. புது பிரஷ் வாங்கியிருக்கேன். உன் கத்திரி ஆணியில தொங்குது. ரெண்டு வெட்டு, மறந்துடாத.'

கினுயோ அதை இரண்டு தரம் படித்தாள். ஆணியைப் பார்த்தாள். ஒரே ஒரு கத்திரி தொங்கியது, பிடியில் சிவப்புத் துணி சுற்றி. பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த தமோத்சு, "என்ன எழுதியிருக்கு? வர வேணாம்ங்கறாளா?" என்றான்.

"நீங்க வண்டியப் போய்ப் பாருங்க. எனக்கு வேலை கெடக்கு."

அவள் பின்பக்கம் போய் அடுப்படியில் குந்தினாள். காய்ந்த விறகை அடுக்கினாள். பற்றவைக்கக் காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, கணவாயைச் சமையலறை அலமாரியில் மற்றச் சாமான்களோடு போட்டுவிட்டு வந்து, அந்தப் பூப்போட்ட காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் செருகித் தீக்குச்சியைக் கிழித்தாள். நன்றாகப் பிடித்துக்கொண்டது.